பாதி மொட்டையில் வந்த பரீட்சை

பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுக்கிற விதிமுறைப் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படித்த ஜீவன் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அச்சடித்தவர் அதைப் படித்திருக்க மாட்டார். எழுதிய கமிட்டிக்காரர்களே ஆளுக்கு நாலு பக்கம் பிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள். மொத்தத்தையும் படித்தவன் இவன் ஒருத்தன். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ போய், 'ரெகுலேஷன்' என்பதே அவன் பெயராகிவிட்டது. அவனுடைய அப்பா கரும்பு ஆலையில் எடை போடுகிறவர், திருவாலங்காட்டுப் பக்கம் நாலைந்து தலைமுறையாக சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவரே மகனுடைய நம்பரை அந்தப் பெயரில்தான் போனில் வைத்திருக்கிறார்.

நாங்கள் திருத்தணியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தோம். சேர்ந்த அன்றே ஆளுக்கொரு விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள். நான் என்னுடையதில் அன்று சாயங்காலமே இரண்டு பக்கம் கிழித்து பஜ்ஜி எண்ணெய் ஒற்றினேன். அவன் தன்னுடையதற்குப் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'பாடம்' என்ற இடத்தில் 'எல்லாம்' என்று எழுதினான்.

மறுவாரத்திலிருந்து அவனைச் சுற்றி எப்போதும் கூட்டம். எழுபத்தைந்து சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால் 'கண்டோனேஷன்' என்று மன்னிப்பு வாங்கி எழுதலாம். ஐம்பதுக்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? வகுப்பில் இருக்கிற அத்தனை பேருடைய வருகைக் கணக்கும் அவன் விரல் நுனியில் இருந்தது. ஜோசியரிடம் போகிற மாதிரி போவோம்.

"டேய் ரெகுலேஷன், வர்ற வெள்ளிக்கெழம கட் அடிக்கலாமா?"

"உனுக்கு இன்னும் ரெண்டு நாளு கீது. ஒண்ண காய்ச்சலுக்கு வெச்சிக்கோ."

"காய்ச்சலே வரலன்னா?"

"அப்ப மார்ச்ல சினிமாக்குப் போ."

இரண்டாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் இன்டர்னல் மார்க் போட்டார். மூன்று டெஸ்ட்டுக்கும் சேர்த்து சராசரி எடுத்ததில் பாதி வகுப்பு பாதாளத்தில் கிடந்தது. ரெகுலேஷன் எழுந்து நின்றான். "சார், மூணுல நல்லதா ரெண்டத்தான் எடுக்கணும் சார். பிரிவு ஒம்போது, உட்பிரிவு ரெண்டு." பேராசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம். "நீ எனக்கே சொல்லித் தர்றியா? வெளியே போடா" என்றார். அவனும் போனான். போகும்போது, "சார், இந்த பீரியடுக்கு எனுக்கு பிரசன்ட் போட்டுடுங்க, ஒழுங்கு நடவடிக்கைல வெளிய போனா ஆப்சன்ட் ஆவாது" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் அந்த மனுஷர் புத்தகமும் கையுமாக வந்து எல்லோருக்கும் மார்க்கைத் திருத்தினார். எனக்கே நாலு மார்க் ஏறியது. அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கேன்டீன் வரைக்கும் போனோம்.

மற்ற விஷயங்களிலும் அவன் இப்படித்தான். அம்மையார்குப்பத்திலிருந்து வருகிற ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் காதல் கடிதம் எழுதினான் பாருங்கள், அதன் அடியில் 'பதில் அளிக்கக் கடைசி நாள்' என்று ஒரு தேதியும், 'தாமதக் கட்டணத்துடன் கடைசி நாள்' என்று இன்னொரு தேதியும் போட்டிருந்தான். அந்தப் பெண் இரண்டு தேதியும் முடிந்த பிறகு வந்து, "அப்ளிகேஷன் ரிஜெக்ட்" என்றாள். அவன் துளிக்கூட வருத்தப்படவில்லை. "மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா?" என்று என்னைக் கேட்டான்.

இவ்வளவு தெரிந்தவன் பாடப் புத்தகத்தை மட்டும் தொடவே மாட்டான். கடைசி செமஸ்டரில் புள்ளியியல் பேப்பரில் அவனும் அவுட், நானும் அவுட். எங்கள் வகுப்பில் நாங்கள் இரண்டே பேர்தான். அவன் கெட்டுப்போனதற்கு விதிமுறைப் புத்தகம் காரணம். என்னுடைய சோம்பலுக்கு நானேதான் காரணம்.

கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய ஆள் அதுவரை கிடையாது. முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் எனக்குச் சான்றிதழே கொடுத்திருந்தார்கள். டிகிரி வருவதற்கு முன்பே பட்டதாரி ஆகிவிட்ட என்னை நைனா ஊர் முழுக்க அப்படியே அறிமுகம் செய்துவைத்திருந்தார். சென்னையில் ஒரு கல்லூரியில் எனக்கும் ரெகுலேஷனுக்கும் எம்.ஏ. இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் பி.ஏ. பாஸ் என்று காகிதம் காட்டினால் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நவம்பரில் அரியர் எழுதினால் அந்த இடம் காற்றோடு போயிருக்கும். ரெகுலேஷன்தான் வந்தான்.

"கடைசி வருஷத்துல ஒரே ஒரு பேப்பர் போச்சின்னா இன்ஸ்டன்ட் எக்ஸாம் கீதுடா. ஆடி மாசத்துல. எழுது, பாஸ் பண்ணு, அதே வருஷத்துல சேந்துக்கோ."

"இது எங்கடா போட்டிருக்குது?"

"பஜ்ஜி எண்ணெ தொடச்ச பக்கத்துல."

எனக்கும் சேர்த்து அவனே விண்ணப்பித்தான். எங்கம்மா உடனே முருகனுக்கு வேண்டிக்கொண்டது: "எம்புள்ள இந்த ஒரு பேப்பர் பாஸ் ஆவட்டும், ஆடிக் கிருத்திகைக்கு மொட்ட போடறேன்." மொட்டை யாருக்கு என்பதைச் சாமிக்கும் எனக்கும் பிறகுதான் தெரிவித்தது. ரிசல்ட் வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றால் கேட்டால்தானே? "மொதல்ல குடுத்துட்டா அவரால மாட்டேன்னு சொல்ல முடியாதுடா" என்றது.

பரீட்சைத் தேதி வந்தது. சரியாக ஆடிக் கிருத்திகை அன்று, காலை பத்து மணி.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் பரீட்சை என்று சொன்னால் குழந்தைகூட நம்பாது. ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. தெலுங்குப் பக்கத்திலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் பூக்காவடி வரும், பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டு கலெக்டர் அறிவிப்பும் வந்தது. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எவனோ முந்தின நாள் ராத்திரி அதன் முதல் மூன்று வரியைப் போட்டான். "அப்ப எக்ஸாம் தள்ளிப்போச்சுடா மச்சான், மொட்ட போட்டுக்கோ" என்று பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நானும் காட்டினேன். பரீட்சை நடத்துகிற பல்கலைக்கழகம் இருப்பது சென்னையில். சென்னைக்கு ஆடிக் கிருத்திகை ஒரு சாதாரண வேலைநாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. 'இந்த விடுமுறை பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குப் பொருந்தாது' என்று அறிவிப்பின் கடைசி வரி சொன்னது. எங்களுக்குக் கடைசி வரி படிக்கிற பழக்கம் கிடையாது.

படிக்கிறவன் குழுவில் இல்லை. விடியற்காலையில் பதினாலு பக்கத் தேர்வு அறிவுரையை அனுப்பினான் என்பதற்காகப் அதற்கு முந்தின வாரம்தான் அவனைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீக்கிய அட்மின் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஆடிக் கிருத்திகை காலை. மலையடிவாரத்தில் சரவணப்பொய்கைப் பக்கம் மொட்டைக் கொட்டகையில், மஞ்சள் வேட்டியோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். போன் அம்மாவின் கூடையில், தேங்காய்க்கு அடியில். வலது பக்கம் முழுக்க வழித்தாயிற்று. இடது பக்கத்தில் கத்தி வைக்கும்போது கூட்டத்துக்குள் ஒரு குரல்.

"ஏய்! எக்ஸாம்டா! பத்து மணிக்கு எக்ஸாம்டா!"

ரெகுலேஷன் நின்றான். சட்டையெல்லாம் வியர்வை, நெற்றியில் யாரோ பூசிய சந்தனம், கழுத்தில் யாரோ போட்ட சாமந்தி மாலை, கையில் யாருடையதோ பால்குடம். ஒன்பதே முக்காலுக்கு ஹாலில் போய் உட்கார்ந்தவன், பக்கத்து சீட் காலியாக இருப்பதைப் பார்த்து, வெளியே வந்து எனக்குப் போன் போட்டு, லைன் கிடைக்காமல், தன் ஹால்டிக்கெட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு, வாட்ச்மேன் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். எங்கள் குடும்பம் வருஷா வருஷம் உட்காருகிற கொட்டகை அவனுக்குத் தெரியும். பால்குடம் எப்படி வந்தது என்று மட்டும் அவனுக்கே தெரியவில்லை.

"லீவுன்னாங்களேடா!"

"கடைசி வரி படிச்சியா? பத்தரை வரிக்கும் உள்ள வுடுவாங்க. எந்திரி!"

எழுந்தேன். நாவிதர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "பாதியில வுட்டா சாமி குத்தம் தம்பி. கம்முனு குந்து."

"ஆங், பாதித் தலையோட போவக்கூடாது" என்று ரெகுலேஷனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். "ஹால்டிக்கெட் போட்டோல முழுசா முடி கீது. இப்ப அம்பது பர்சென்ட்தான் நீ. அம்பதுக்கெல்லாம் கண்டோனேஷன் கெடையாது."

எங்கம்மா அப்போதுதான் விஷயம் புரிந்து மாரில் அடித்துக்கொண்டது. எந்தப் பரீட்சைக்காக மொட்டையோ அந்தப் பரீட்சையே மொட்டையால் போகப் பார்க்கிறது! "அய்யோ, முருகா, நான்தானே கெடுத்தேன்! போடா, ஓடுடா! ஏம்ப்பா ரெகுலேஷன், இட்டுனு போப்பா அவன!"

மீதித் தலை ஒரு நிமிஷத்தில் போனது. இரண்டு இடத்தில் ரத்தம். அம்மா கைநிறைய சந்தனத்தை அள்ளித் தலையில் அப்பியது. நான் சைக்கிள் கேரியரில், அவன் பெடலில். ஊரே மலையைப் பார்த்து வந்துகொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்த் திசையில். மொட்டைத் தலையும் மஞ்சள் வேட்டியுமாக நான் பதறுகிற பதற்றத்தைப் பார்த்துச் சாமி வந்துவிட்டது என்று ஜனங்களே வழிவிட்டார்கள். "அரோகரா!" என்று ஒரு கூட்டம் கும்பிட்டது. ஓர் அம்மாள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணுக்கு எப்பப்பா கல்யாணம் ஆவும்? வாக்கு சொல்லு" என்றாள்.

"இவனுக்கே பத்தரைக்குள்ள எக்ஸாம்மா, வுடும்மா" என்றான் ரெகுலேஷன்.

ஹால் வாசலை அடைந்தபோது மணி பத்து இருபத்தெட்டு. ரெகுலேஷன் என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினான். எனக்கும் சேர்த்து எடுத்து வைத்திருந்த ஹால்டிக்கெட் பிரதியை நீட்டினான். கண்காணிப்பாளர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது வேற ஆளு. வெளியே போ" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதன்மைக் கண்காணிப்பாளர் ஓர் அம்மையார். அவரை வாசலுக்கே கூப்பிட்டு, வெளியே நின்றபடி ரெகுலேஷன் பேசினான். "மேடம், தோற்றம் மாறியிருந்தா எழுத்துல உறுதிமொழி வாங்கிகினு உள்ள வுடலாம் மேடம். தேர்வு அறிவுரை, பக்கம் பதினொண்ணு. வலது புருவத்து மேல தழும்பு பாருங்க, போட்டோலயும் கீது." அம்மையார் அறிவுரைத் தாளைப் புரட்டினார், என் புருவத்தைப் பார்த்தார், ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். தாளில் சந்தனம் சொட்டியது.

"சரி, நீயும் வா தம்பி. உன் டிக்கெட்டு மேஜைல இருக்கு" என்றார் அம்மையார்.

அவன் வாசற்படியிலேயே நின்றான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். பத்து முப்பத்திரண்டு.

"அட, ரெண்டு நிமிஷந்தானேப்பா. நீ முன்னாடியே வந்தவன்தானே. வா."

"வெளிய போய்ட்டேனே மேடம். அவன் இருபத்தெட்டுக்கு உள்ள வந்தான், அது ரூல்ல கீது. முப்பதுக்கு மேல என்னிய உட்டீங்கன்னா, அவனையும் இப்படித்தான் உட்டாங்கன்னு நாளைக்கி எவனாவது பெட்டிஷன் எழுதிப் போடுவான். அவன் பேப்பர நிறுத்தி வெச்சிடுவாங்க. வேணாம் மேடம்."

"டேய், வாடா!" என்று கத்தினேன்.

"ஹால்ல பேசக்கூடாதுடா. எழுது" என்று சொல்லிவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

எழுதினேன். அந்த மூன்று மணி நேரம் எழுதின மாதிரி என் ஆயுசில் எழுதியதில்லை. சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் எல்லாம் எங்கிருந்துதான் வந்ததோ, கை நிற்கவே இல்லை. ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். கழுத்தில் இன்னும் அந்தச் சாமந்தி மாலை.

வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்தான். "ப்ச், எனுக்கு மூணு கேள்விகூடத் தெரியாதுடா. எழுதியிருந்தாலும் ஃபெயில்தான், வுடு" என்றான். அது சுத்தப் பொய். அந்தப் பேப்பருக்கு ஒரு மாதமாக என்னை உட்காரவைத்துக் கணக்குப் போடவைத்தவனே அவன்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் பாடப் புத்தகத்தைத் தொட்டது அந்த மாதம்தான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் சட்டையெல்லாம் சந்தனம்.

நான் ஐம்பத்தேழு மார்க்கில் தேறி, ஆகஸ்ட் முடிவதற்கு நாலு நாள் முன்னால் எம்.ஏ. சேர்ந்தேன். அவன் நவம்பரில் எழுதி என்னைவிடப் பதினோரு மார்க் அதிகம் வாங்கினான். அடுத்த வருஷம் அதே கல்லூரிக்கு எனக்கு ஜூனியராக வந்து சேர்ந்தான். வந்த அன்றே ராகிங் தடை விதியை என் கண்முன் நீட்டி, "என்னிய டீ வாங்கிவரச் சொன்னாக்கூட இது பொருந்தும்" என்றான்.

பி.ஏ. பட்டமளிப்பு விழாவுக்கு என் பெயர் முதல் வருஷமே வந்தது. நான் போகவில்லை. நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மறுவருஷம் அவன் பெயர் வந்தபோது அவனோடு சேர்ந்து போய், ஒரே வரிசையில் நின்று, ஒரே நாளில் வாங்கினோம். கறுப்பு அங்கியோடு நாங்கள் இரண்டு பேரும் நிற்கிற அந்தப் போட்டோதான் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இதுல உம்புள்ள இவன். பக்கத்துல நிக்கறது யாரு?" என்று எங்கம்மாவைக் கேட்பார்கள்.

"ரெண்டும் எம்புள்ளைங்கதான்" என்று அம்மா சொல்லும். "பெரியவன் வழி காட்டினான், சின்னவன் எழுதினான்."

பெரியவன் என்று அது சொல்வது அவனைத்தான். நான் அவனைவிட எட்டு மாதம் மூத்தவன். இதுவரை ஒரு நாளும் அம்மாவைத் திருத்தியதில்லை.