பதினைந்து பாகை டீசல்

அப்புத்தளை எரிபொருள் நிலையத்தில் அன்று காலை டீசல் இருந்தது. விற்கத்தான் முடியவில்லை. கலப்படமற்ற டீசல் என்று பரிசோதகர் மரியநாயகம் எழுதிக் கையெழுத்திடும்வரை பம்புக்குச் சீல். அரசாங்கக் காரியம் என்றால் சும்மாவா?

வரிசையில் முதலாவதாக நின்றது பூனாகலைத் தோட்டத்து அம்புலன்ஸ். ஓட்டுநர் ஜீவராஜ் இறங்கிப் பரிசோதகர் பக்கத்தில் போய் நின்றான். உள்ளே கருப்பம்மா. எட்டு மாசம் காத்திருந்து கிடைத்த கண் ஆபரேஷன். பதினொரு மணிக்குள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் மறுபடி எட்டு மாசம்.

பரிசோதகர் மாதிரிக்கு எடுத்த ஒரு போத்தல் டீசலில் வெப்பமானியை விட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"டீசல்ங்கிறது பல ஐதரோகாபன்களின் கலவை தம்பி. சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். எந்தச் சூட்டில அடர்த்திய அளந்தாலும் பதினைந்து பாகைக்குத் திருத்தி எழுதணும்."

"இப்ப எத்தன பாகை சார்?"

"பதினைந்து."

"அப்ப சரியாத்தானே இருக்கு?"

"அதுதான் பிரச்சினை. திருத்தம் பூச்சியம். பூச்சியம்னு எழுதினா கட்டத்த நிரப்பலன்னு படிவம் திரும்பி வரும். டீசலச் சூடாக்கணும்."

"சூடாக்கி?"

"கடதாசியில குளிராக்குவேன்."

எரிபொருள் நிலையத்தில் அடுப்பு மூட்ட முடியாது. வெயிலோ மூன்று நாளாக லீவில்.

"இங்க கொண்டாங்க அத," என்றாள் கருப்பம்மா. போத்தலைக் கக்கத்தில் செருகி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வரிசையே சிரித்தது. ஜீவராஜ்தான் எல்லாருக்கும் மேலே சிரித்தான். "பெரியம்மா அடைகாக்குது!"

அரை மணியில் இருபத்தாறு பாகை. பரிசோதகர் அளந்து, அட்டவணையைப் புரட்டி, பெருக்கி, வகுத்துப் பதினைந்துக்குத் திருத்தினார். குளிரில் அளந்திருந்தால் என்ன எண் வந்திருக்குமோ அதுவேதான் வந்தது. ஆனால் கட்டம் நிரம்பிவிட்டது. சீலை உடைத்தார்கள். பத்து ஐம்பதுக்குக் கருப்பம்மா பதுளையில் இறங்கினாள்.

மரியநாயகம் சும்மா இருப்பாரா? அறிக்கை எழுதினார். அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது: மலைநாட்டு எரிபொருள் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'மாதிரி வெப்பமூட்டுனர்'. நிரந்தர நியமனம், ஓய்வூதியம் உண்டு. தகைமை, சாதாரண தரப் பரீட்சைச் சித்தியும் உடற்சூட்டுக்கு மருத்துவச் சான்றிதழும். பள்ளிக்கூடப் படியே ஏறாத கருப்பம்மாவின் விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

நேர்முகப் பரீட்சை அன்று அவள் அப்புத்தளைப் பக்கம் வந்தாள். டீசல் வரிசையைவிட நீளமான வரிசை. புதுக் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்குச் சிரித்த அத்தனை முகமும் நின்றது. நடுவில் இரண்டு கம்பளி போர்த்தி, கக்கத்தில் கையை இறுக்கிக்கொண்டு ஜீவராஜ்.

"என்ன தம்பி, காய்ச்சலா?"

"இல்ல பெரியம்மா." அவன் தலையைச் சொறிந்தான். "முன்னனுபவக் கடிதம் கேக்குறாங்க. உங்ககிட்டதான் தொழில் பழகுனேன்னு ஒண்ணு தருவீங்களா?"

"எனக்குக் கைநாட்டுத்தானே தெரியும். செல்லுமா?"

"செல்லும் பெரியம்மா. கட்டம் நிரம்பினாப் போதும்."