திரும்பி நிற்கும் மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் இளைய மாப்பிள்ளை பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே மைத்துனர் வீட்டில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு அத்தை தேய்க்கும் தைலத்தை முகம் சுளிக்காமல் தேய்த்துக்கொள்ளவும். நேற்று கடைசி ஆட்டம் என்று தெரிந்தும் ஒரு போன்கூடச் செய்யாமல் இருந்ததற்கு என் மனமார்ந்த நன்றி.

போகிறவர் போகிறீர்கள், ஆட்டம் முடிந்த பிறகு ஓய்வு பெறக்கூடாதா? போன வாரம் விசிலை என் கையில் திணித்து, "இனி இது உங்க டீம் மாப்பிள்ளை, நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்"னு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். அதுவரை உங்கள் பின்னால் தண்ணீர்க் கேனும் ஸ்டிக் பையும் தூக்கியவன் நான். மறுநாளே கல்லூரிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஜெயிச்சா அடுத்த வருஷமும் பெண்கள் ஹாக்கி உண்டு. தோத்தாலும் சரி, டிரா ஆனாலும் சரி, கிரவுண்டுல காரை நிறுத்திக்கிறோம்" என்றார். அன்றிலிருந்து சோறு தொண்டையில் இறங்கவில்லை. உங்கள் மகளோ, "அப்பா இருந்தா இப்படிப் பதறுவாரா?" என்று கேட்டு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. மாமா மாதிரி கத்த மாட்டேன், பிள்ளைகளை மனம்விட்டுப் பாராட்டுவேன் என்று முடிவு கட்டினேன். ஆட்டம் தொடங்கியது. நம் தடுப்பாட்டக்காரி, நீங்கள் 'பூட்டு' என்று பெயர் வைத்தீர்களே அந்தப் பெண், எதிரணிக்காரியிடமிருந்து பந்தை அப்படியே உருவினாள். நான் துள்ளிக் குதித்து, "நல்லா ஆடினே!" என்று கத்தினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பந்தை அங்கேயே விட்டுவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்மா வந்தே?" என்றால், "நீங்கதானே சார் கூப்பிட்டீங்க" என்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடுகிறவளை விடாமல் திட்டுவீர்கள். களைத்தவளை வெளியே எடுக்கும்போது மட்டும், "நல்லா ஆடினே, வந்து உட்காரு" என்பீர்கள். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை வேறு எதற்கும் நீங்கள் செலவழித்ததில்லை. நான் இதை யோசித்து முடிப்பதற்குள், பூட்டு இல்லாத வாசல் வழியாக எதிரணி உள்ளே புகுந்து கோல் போட்டுவிட்டது. செயலாளர் கார் சாவியை விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நானும் வெட்கத்தை விட்டு உங்களைப் போலவே கத்தினேன். "கண்ணு எங்கே போச்சு? கால்ல என்ன, மாவுக்கட்டா?" என்று ஒரு சத்தம் போட்டதும்தான் பிள்ளைகள் முகத்தில் உயிர் வந்தது. கேப்டன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தாள், உடனே விரலில் அடிபட்டு வெளியே வந்தாள். ஆட்டம் முடிகிற நேரத்தில் எதிரணிக்காரி கோல் வாசலில் பந்தைக் காலால் மறித்தாள். நமக்குப் பெனால்டி ஸ்ட்ரோக்! கோல் கீப்பருக்கு எதிரே ஒருத்தி, ஒரே ஒரு அடி. யார் அடிப்பது என்று நான் பார்ப்பதற்குள் பூட்டு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

நின்றவள் அடிக்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு அங்கிருந்தே, "சார், திரும்பிக்கங்க!" என்றாள்.

நீங்கள் ஸ்ட்ரோக் நேரத்தில் முதுகைத் திருப்பி நிற்பதை, பெரியவருக்கு நெஞ்சு பலம் போதாது என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதனால் வீறாப்பாக, "நான் தைரியமாப் பார்க்கிறேன், நீ அடிம்மா" என்றேன். அம்பயர் முறைத்தார். பூட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பழைய சார் பார்க்கவே மாட்டாரு சார். 'நான் பார்க்காததுக்கு எப்படித் திட்டுவேன்? பயப்படாம அடி'ன்னு சொல்லுவாரு. நீங்க பார்த்தா எனக்குக் கால் நடுங்குது."

மாமா, நான் நினைத்திருந்தது தப்பு. மூச்சுக்கு மூச்சு திட்டுகிற மனிதர், எந்த இடத்தில் தவறினால் ஒரு பிள்ளை உடைந்துபோகுமோ அந்த இடத்தில் மட்டும் பார்க்காமல் இருந்திருக்கிறார். இது தெரியாமல் உங்கள் வீட்டில் பெண் எடுத்திருக்கிறேன்.

திரும்பி, கேட்டைப் பார்த்து நின்றேன். பின்னால் விசில். ஸ்டிக் பந்தில் பட்ட சத்தம். உடனே பெரிய கூச்சல். யார் கூச்சல்? பக்கத்தில் நின்ற கேப்டனிடம், "உள்ளே போச்சா?" என்றேன். "நானும் திரும்பிட்டேன் சார்" என்றாள். பெஞ்சு முழுக்கத் திரும்பி நிற்கிறது. வேன் டிரைவர் திரும்பி நிற்கிறார். மைதானத்தில் இருந்த நம் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி நிற்கிறார்கள். செயலாளரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பூட்டு ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு?" என்று எல்லாரும் அவளை மொய்த்தால், "தெரியல, நான் கண்ணை மூடிக்கிட்டேன்" என்கிறாள். கடைசியில் எதிரணிப் பயிற்சியாளர் வந்து சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன். எட்டிக்கூடப் பார்க்காத மனிதருக்கு முடிவு எதற்கு? வேண்டுமானால் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் வணக்கங்கள். மைத்துனர் பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கோபம் தீராத இளைய மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ள கோபத்தையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கேட்டைப் பார்த்துத் திரும்பினேன் என்றேன் அல்லவா? வெளியே ஜெராக்ஸ் கடை வாசலில், வலிக்கிற காலை லேசாகத் தூக்கி, கையைப் பின்னால் கட்டி, கடைச் சுவரைப் பார்த்தபடி ஒரு முதுகு நின்றது. பின்னால் கூச்சல் எழுந்ததும், நான் "மாமா!" என்று கத்துவதற்குள், அது திரும்பிப் பார்க்காமலே ஆட்டோவில் ஏறிவிட்டது. ஆக, எல்லாம் தெரிந்தவருக்கே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். தெரியாதது ஒன்றுதான். பந்து உள்ளே போய்விட்டது.

நல்லா ஆடினீங்க மாமா. வந்து உட்காருங்க.