கிழிக்க வராத மனு

அரசு ஊழியர் மேடையேறி நடிப்பதானால் முன் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. செங்கல்பட்டில் தாலுகா அலுவலக உதவியாளராக இருந்த நான் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு முறைப்படி விண்ணப்பித்தேன். அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. பதிலே வராது என்ற நம்பிக்கையில்.

காரணம் என் மனைவி வசந்தா. தொண்ணூறுகளில் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு நாடகக் குழு தொடங்கினாள். மாமல்லபுரம் கடற்கரை நெடுக சொகுசு விடுதிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். படகு ஏற்றி நிறுத்தும் மணல் யாருக்குச் சொந்தம் என்று கேட்கிற நாடகங்களை அவளே எழுதி இயக்கினாள். குழுவில் ஆள் குறையும்போதெல்லாம் அவள் கண் என் பக்கம் திரும்பும். "அனுமதி கேட்டிருக்கேன், பதில் வரட்டும்" என்பேன். (பதில் எழுத வேண்டிய பிரிவை எனக்குத் தெரியாதா?)

ஒரு மீனவக் குப்பத்தில் வலை பின்னும் கூடத்தைக் குழுவுக்கு ஒத்திகைக்கு விட்டிருந்தார்கள். பக்கத்து விடுதிக்காரரும் அதைக் கேட்கவே, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு வழி சொன்னார். ஊருக்கு முன்னால் ஒரு நாடகம் போடட்டும். பிடித்தால் கூடம் குழுவுக்கு, இல்லாவிட்டால் விடுதிக்கு. வசந்தாவுக்கு வேறு இடம் கிடையாது. கூடம் போனால் குழுவும் போகும்.

நாடகத்தன்று மதியம், தாசில்தாராக நடிக்க வேண்டியவருக்கு அணுமின் நிலையத்தில் ஷிப்டு மாறிவிட்டது.

"என்னங்க, நீங்கதான் தாசில்தார்" என்றாள் வசந்தா.

"பதில் வரலையே."

"மறுக்கவும் இல்லையே?"

இத்தனை வருட சர்வீசில் இந்தக் கோணம் எனக்குத் தோன்றியதே இல்லை. அலுவலகத்தில் எனக்கு எட்டாத தாசில்தார் பதவி அன்று மாலை ஒட்டு மீசையோடு வந்து சேர்ந்தது.

வேடம் எளிது. ஒரு கிழவி மனு கொடுப்பாள். நான் அதை வாங்கிக் கிழித்துக் காற்றில் வீசிவிட்டு, "கடல்கிட்ட போய்க் குடு" என்று சிரிக்க வேண்டும். ஊர் கொதிக்கும். கதாநாயகன் துடுப்போடு பாய்ந்து வருவான். பாட்டு. அவ்வளவுதான். நான்கூடக் கெடுக்க முடியாத அளவுக்கு எளிது என்று வசந்தா நினைத்தாள்.

பொழுது சாயும் நேரம். மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊரப்பாக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி தலையில் பவுடர் கொட்டிக்கொண்டு கிழவியாக வந்து மனுவை நீட்டினாள். வாங்கினேன். அங்கேதான் வினை. மேடையில் எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது என்பது வசந்தாவின் கொள்கை. அனுப்புநர், பெறுநர், பொருள், இடது ஓரத்தில் விட வேண்டிய இடம், மேலே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். எல்லாம் முறையாக இருந்தது. ஸ்டாம்ப் ஒட்டிய மனுவைக் கிழிக்க என் கை மறுத்துவிட்டது. கிழிப்பதற்குப் பதிலாக அது சட்டைப் பைக்குள் போய்ப் பேனாவை எடுத்தது. சுருக்கொப்பம் போட்டேன். தேதி போட்டேன். இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "வி.ஏ.ஓ. சான்று இணைக்கலையேம்மா" என்றேன்.

கிழவி திகைத்து, "கிழிங்க சார்" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தாள்.

அதற்குள் கூட்டத்தில் மீன் விற்கும் எல்லம்மா எழுந்துவிட்டார். "ஏ, இது தாலுகா ஆபீஸ் சாரு. மீச வெச்சிகினா தெரியாதா? சார், நானுந்தான் பட்டாவுக்கு எய்திக் குட்த்தேன். இன்னா ஆச்சு?"

இது நாடகம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எந்த மாதம் கொடுத்தார், ரசீது இருக்கிறதா என்று விசாரித்தேன். அடுத்தவர் முதியோர் பென்ஷன் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு வாரிசுச் சான்றிதழ். தாசில்தாருக்கென்று நாற்காலியாகப் போட்டிருந்த மீன் ஐஸ் பெட்டிமேல் நான் உட்கார்ந்துகொண்டேன். கடற்கரையில் வரிசை நீண்டது.

இதற்கு மேல் பொறுக்காமல் கதாநாயகன் துடுப்பை ஓங்கிக்கொண்டு, "அதிகாரியே!" என்று பாய்ந்து வந்தான்.

"யோவ் அண்ணாத்த, வரிசைல வா" என்றார் எல்லம்மா. "நாங்கள்லாம் இன்னா வெட்டியாவா நின்னுகினு கீறோம்?"

அவன் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசியில் போய் நின்றான். பாட்டுக்காரர்கள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். திரையாகக் கட்டிய வலைக்குப் பின்னால் வசந்தாவின் முகம் தெரிந்தது. என் மீசை ஒரு பக்கம் கழன்று வாய்க்குள் போய்வந்துகொண்டிருந்தது. கூடம் போயிற்று, குழு போயிற்று, இன்றைக்கு இரவுச் சாப்பாடும் போயிற்று என்று எனக்குப் புரிந்தது.

கடைசியாகப் பஞ்சாயத்துத் தலைவர் எழுந்தார். வசந்தா கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"கதை இன்னான்னு எனக்கு ஒண்ணும் புரிலம்மா" என்றார். "ஆனா அந்த ஆபீசரா நட்ச்சாரே, அவரு சூப்பரு. நெஜ ஆபீசருங்க எவன் இவ்ளோ நேரம் குந்திகினு பதில் சொல்றான்? கூடத்த நீங்களே வெச்சிக்கங்க. ஆனா ஒண்ணு. மாசா மாசம் நாடகம் போடணும், இந்த சாரு வரணும்."

வசந்தா சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒரே சத்தத்தில் வந்தன.

அதன்பின் அவள் நாடகங்களில் யார் வேண்டுமானாலும் நடுவில் எழுந்து அதிகாரியைக் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. திருப்போரூர் வரை கடலோரக் கிராமங்கள் எல்லாம் கூப்பிட்டன. விமர்சகர்கள் அதற்கு என் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தார்கள். இந்த உத்தியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால் வசந்தா என்னைக் கைகாட்டுவாள். "இவருக்குக் காகிதம் கிழிக்க வராது, அதனால வந்தது."

இடையில் மாறுதலாகி, என் விண்ணப்பம் கிடந்த பிரிவுக்கே நான் போனேன். தன் கோப்பைத் தானே கையாளக் கூடாது என்பது விதி. எடுத்த இடத்திலேயே, அடியில், பத்திரமாக வைத்துவிட்டேன்.

வீட்டில் நான் இரண்டாவது காபி கேட்டால் மகள், "வி.ஏ.ஓ. சான்று இணைக்கலையேப்பா" என்பாள். மருமகன் வந்த பிறகு அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.

பதிலும் ஒருவழியாக வந்தது. விண்ணப்பதாரர் தற்போது அரசுப் பணியில் உள்ளார் என்பதற்கான சான்று இணைக்கப்படவில்லை, இணைத்து மீண்டும் சமர்ப்பிக்கவும் என்றிருந்தது. என் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றக்கூட விடாமல் வசந்தா அதை வாங்கி உரக்கப் படித்தாள். அன்று ஜூன் முப்பது, நான் ஓய்வு பெற்ற நாள்.