பொன்னாடையைத் திருப்பி வாங்கின விசயம்

மனோர் பார்க்,
லண்டன்.

கர்த்தருக்குள் அன்பான மச்சாள் இம்மாகுலேற்றுக்கு,

மடு மாதாவின் துணையோடு றீற்றம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகன் றொஜனும் மருமகள் துசியந்தியும் பேத்தி ஜெஸ்ரினும் சுகமாயிருக்கிறோம். அங்கு கனடாவில் உமது சுகத்துக்காகவும், உமது முழங்காலுக்காகவும், உமது மகன் வாங்கி இன்னும் எங்களுக்குப் படம் அனுப்பாத புது வீட்டுக்காகவும் நாள் தவறாமல் செபமாலை சொல்லுகிறேன்.

சுகம் விசாரிச்சு முடிஞ்சுது, இனி விசயத்துக்கு வாறன். போன கிழமை நீர் ஒரு படத்தைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் வட்சப்பில அனுப்பினீர். அதில நான் ஒரு வெள்ளைக்காரருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிக்கிறன். கீழே, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணீர் விடுற மூஞ்சியையும் போட்டு, "எங்கட றீற்றம்மாவும் கட்சி மாறிப்போட்டா" எண்டு எழுதியிருந்தீர். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள்தான், எண்டாலும் எனக்கு ஞாபகம் எண்டு ஒண்டு இருக்கு. அது உமக்கு நல்லாத் தெரியும். ஆனபடியால் நடந்ததை நடந்தபடி எழுதுறன், இதையும் எல்லாருக்கும் அனுப்பும்.

ஜெஸ்ரின் படிக்கிறது எங்கட றோட்டு முடிவில இருக்கிற கவுன்சில் பள்ளிக்கூடம். இன்ஸ்பெக்டர்மார் வந்து பார்த்திட்டு, பள்ளிக்கூடம் சரியில்லை எண்டு எழுதிப்போட்டுப் போட்டினம். உடனே இதைக் கவுன்சிலிட்டை இருந்து எடுத்து ஒரு ட்ரஸ்டிட்டைக் குடுக்கப் போகினமாம். ட்ரஸ்ட் எண்டால் கவுன்சிலும் இல்லை, எங்கட சேர்ச் மாதிரியும் இல்லை. கனக்கப் பள்ளிக்கூடங்களை ஒண்டாய்க் கட்டி வைச்சு மேலே ஒராள் இருந்து நடத்துறது, அக்கடமி எண்டு பேர் போடுறது, காசு அரசாங்கத்தின்ர. வீட்டில ஒரே சண்டை. றொஜன் சொல்லுறான், "ட்ரஸ்ட் வந்தால்தான் பிள்ளையள் உருப்படும், கோட்டும் ரையும் போட்டு வடிவாய்ப் போகும்." துசியந்தி சொல்லுறாள், "கவுன்சில் எண்டால் பிழை நடந்தால் போய்க் கேட்க ஒரு கந்தோர் இருக்கு, இவையிட்டை எங்க போய்க் கேட்கிறது?" "கவுன்சிலிட்டைக் கேட்டு என்னத்தைக் கண்டனீர், குப்பை வாளி மாத்தவே மாசக்கணக்காய்ப் போன் அடிச்சம்" எண்டு இவன். "அப்ப நீங்கள் பிள்ளையைக் குப்பை வாளியோட சேர்த்துப் பாக்கிறியள்" எண்டு அவள். ஜெஸ்ரின் மட்டும் என்ர காதுக்குள்ள, "அப்பம்மா, மிஸ் போயிருவாவா?" எண்டு கேட்டாள்.

அந்தக் கேள்விதான் மச்சாள் என்னைக் கிளப்பினது. ஜெஸ்ரின் கெட்டிக்காரிதான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு எழுத்துகள் பிடிபடாது, வாசிக்க விட்டால் அழுவாள். அங்க ஒரு ரீச்சர் சின்ன அறையில தனிய வைச்சு, பொறுமையாய் வாசிக்கச் சொல்லிக் குடுத்து, இப்பதான் பிள்ளை பஸ்சில போகேக்க கடைப்பேர்களை வாசிக்கிறாள். ட்ரஸ்ட் வந்தால் இப்பிடியான ரீச்சர்மாரை முதல்ல நிப்பாட்டுவினம் எண்டு எல்லாரும் கதைச்சினம். எனக்கு உடனே அறுபதாம் ஆண்டு வந்து முன்னுக்கு நிண்டுது. மன்னாரில அரசாங்கம் எங்கட மிசன் பள்ளிக்கூடத்தை எடுக்கப் போகுது எண்டவுடன தாய்மார் பாயோடயும் பிள்ளையளோடயும் பள்ளிக்கூடத்துக்குள்ள போய் இருந்தது உமக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. என்ர அம்மா கடைசிவரைக்கும் இருந்தவ. உம்மட அம்மா, என்ர மாமி, நுளம்பு கடிக்குது எண்டு பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டை போனவ. அவ எழும்ப மற்றவையும் எழும்பிச்சினம். பள்ளிக்கூடம் போச்சு, எனக்குப் படிப்பிச்ச சிஸ்ரரும் போனா, "இனிப் படிச்சது காணும்" எண்டு என்ர ஐயா என்னை மறிச்சார். நுளம்பு என்ர அம்மாவையும்தான் கடிச்சது மச்சாள். வேற ஒண்டும் சொல்லேல்லை.

றொஜன் குறுக்குக் கேள்வி கேட்டான். "அம்மா, அண்டைக்கு அரசாங்கத்துக்குக் குடுக்க மாட்டம் எண்டு இருந்தனீங்கள், இண்டைக்கு அரசாங்கத்திட்டை இருந்து எடுக்க விடமாட்டம் எண்டுறியள், எதுதான் உங்கட கொள்கை?" நான் சொன்னன், "ஆர் நடத்தினாலும் எனக்கு ஒண்டுதான் தம்பி, பிள்ளையைக் கேட்காமல் ரீச்சரைக் கொண்டு போறவன்தான் எனக்கு எதிரி." அவன் எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தான்.

இனிப் படத்துக்கு வாறன். பள்ளிக்கூட மண்டபத்தில கூட்டம் வைச்சினம். தமிழ்ப் பிள்ளையளின்ர தாய் தகப்பன்மாருக்கு யோகராஜாதான் தலைவர். அவரை உமக்குத் தெரியாது, பொன்னாடை இல்லாமல் ஒரு மரக்கறிக்கடையும் திறக்க விடாத மனுசன். எங்கட பக்கம் நிக்கிற கவுன்சிலர் வருவார் எண்டு பொன்னாடையும் பன்னீர்ச்செம்பும் கொண்டு வந்திட்டார். கவுன்சிலர் வரேல்லை, ட்ரஸ்டின்ர பெரியவர் வந்திட்டார். வந்தவர் எங்களுக்கு எதிரானவர், பொன்னாடை எங்கட ஆளுக்கெண்டு கொண்டு வந்தது, தட்டில மடிச்சுக் கிடக்கு. "கொண்டு வந்த பொன்னாடையைப் போர்த்தாமல் திருப்பிக் கொண்டு போனால் சபைக்கு அவமானம் அம்மா" எண்டு யோகராஜா என்ர கையில தந்தார். சபையில மூத்தவள் நான்தான். வந்தவர் எதிரி எண்டாலும் வந்தவர்தானே, வெறும் தோளோட எப்பிடி நிக்க விடுறது? நீராய் இருந்தாலும் போர்த்தியிருப்பீர். போர்த்தேக்க, "என்ர பேத்தியின்ர ரீச்சரில கை வைச்சாயோ தெரியும்" எண்டு தமிழில சொல்லித்தான் போர்த்தினன். அந்த மனுசன் கும்பிட்டுக்கொண்டு நிண்டுது.

பிறகு பார்த்தால் ட்ரஸ்ட் வீடு வீடாய்ப் போட்ட பளபளப்புக் கடதாசியில முன்பக்கத்தில நான். ஊர்ச் சனம் எங்களை அன்போட வரவேற்குது எண்டு கீழே எழுத்து. சேர்ச்சில பூசை நேரம் ஆளுக்காள் கை குடுத்துச் சமாதானம் சொல்லேக்க, பக்கத்து வாங்குப் பலகையில இருந்த ரஜனி, அவவும் ட்ரஸ்ட் வேண்டாம் எண்டு நிக்கிறவ, எனக்குக் கை தரேல்லை. அதை நான் எழுதி வைக்கத் தேவையில்லை, ஞாபகத்தில நிக்கும். துசியந்தி என்னோட கதைக்கிறதை விட்டிட்டாள், சோறு மட்டும் போட்டாள், அதுவும் குழம்பு குறைவாய். ஜெஸ்ரின் அந்தக் கடதாசியை எழுத்துக் கூட்டி முழுக்க வாசிச்சிட்டு, "அப்பம்மா, நீங்கள் இவையின்ர ஆளா?" எண்டாள். பிள்ளை முதல் முதலாய்த் தடக்காமல் வாசிச்சது அதைத்தான். சந்தோசப்படுறதோ சாகிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் பாயோட போனன். எல்லாருக்கும் முன்னால நிலத்தில விரிச்சு இருந்தன். முடிவு சொல்லாமல் இந்தப் பாயைச் சுருட்ட மாட்டன் எண்டன். முதல்ல துசியந்தி வந்து பக்கத்தில இருந்தாள். பிறகு யோகராஜாவின்ர மனுசி கமலேஸ்வரி இடியப்பப் பெட்டியோட வந்தா. வங்காளத் தாய்மாரும் சோமாலித் தாய்மாரும் தங்கட சால்வையளை விரிச்சு இருந்தினம். அந்த நேரம் பாரும், ட்ரஸ்ட் பெரியவர் வாறார், தோளில என்ர பொன்னாடை. எங்களுக்கு மரியாதை செய்யிறாராம். நான் எழும்பினன், அதாவது இரண்டு வங்காளப் பிள்ளையள் என்னைத் தூக்கி நிப்பாட்டிச்சினம். கையை நீட்டி, "அதைத் தாரும்" எண்டன். மனுசன் துசியந்தியைப் பார்த்து, "நான் என்ன பிழை செய்தனான்?" எண்டு கேட்டுதாம். நான் சொன்னதை அவள் ஒரு சொல்லும் விடாமல் இங்கிலிசில சொன்னாள்: "விருந்தாளியாய் வந்தனீர், போர்த்தினம். வீட்டுக்காரனாகப் பாக்கிறீர், கழட்டுறம்." அவர் கழட்டி, மடிச்சு, இரண்டு கையாலயும் தந்தார். பிறகு கைதட்டின தட்டில ரஜனியின்ர கைதான் பெரிய சத்தம், எண்டாலும் அவவை நான் இன்னும் மன்னிக்கேல்லை. முடிவைத் தள்ளி வைக்கிறம், தாய் தகப்பனைத் திரும்பக் கேட்கிறம் எண்டு பள்ளிக்கூடச் சபையார் அங்கயே சொல்லிச்சினம்.

தமிழர் எல்லா நாட்டிலயும் பொன்னாடை போர்த்தியிருக்கினம் மச்சாள். போர்த்தினதைத் திருப்பி வாங்கினவள் நான் ஒருத்திதான். துசியந்தி இப்ப எனக்கு மீன் நடுத்துண்டு வைக்கிறாள். ஆகவே அந்தச் சிரிக்கிற மூஞ்சியை நீர் அழிக்க வேணும்.

உமக்கும் உம்மட பிள்ளையளுக்கும், அந்தப் படமில்லாத வீட்டுக்கும் ஆண்டவரின்ர ஆசீர் குறைவில்லாமல் கிடைக்கட்டும். முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசும்.

இப்படிக்கு,
என்றும் மறவாத,
றீற்றம்மா

பி.கு: இதை ஒட்டி வைச்ச பிறகு திரும்பப் பிரிச்சு எழுதுறன். அரசாங்க மேலிடத்துக் கட்டளை வந்திட்டுதாம், செப்டெம்பரில இருந்து பள்ளிக்கூடம் ட்ரஸ்டுக்குத்தான். அந்தப் பெரியவர் நேற்று வீட்டை வந்தார். பள்ளிக்கூடச் சபையில தாய் தகப்பன் பக்கத்துக்கு ஒராள் வேணுமாம், என்னைத்தான் கேட்கினம். வாசிக்கச் சொல்லிக் குடுக்கிற ரீச்சர் போகமாட்டா எண்டு எழுதித் தந்தால் யோசிக்கிறன் எண்டன். அங்கயே எழுதித் தந்தார், ஜெஸ்ரின் சத்தமாய் வாசிச்சுக் காட்டினாள். நான் ஓம் எண்டிட்டன். அஞ்சாம் வகுப்போட மறிச்ச எனக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு கதிரையும், அதுக்கு முன்னால என்ர பேர் எழுதின பலகையும் போடுவினமாம். துசியந்தி திரும்பவும் குழம்பைக் குறைச்சிட்டாள். பொன்னாடையை அயர்ன் பண்ணி வைச்சிருக்கிறன், முதல் கூட்டத்தில ஆராவது எனக்குப் போர்த்தத் தேவைப்படும். நான் கட்சி மாறிப்போட்டன் எண்டு நீர் எழுதினதை அழிக்காட்டியும் பரவாயில்லை. மற்றது, அண்டைக்கு மாமி பாயைச் சுருட்டின விசயத்தை இனி நான் எடுக்க மாட்டன். மன்னாரில நுளம்பு பொல்லாததுதான்.