நனைக்கக் கூடாத சோப்பு

சேசு மரி சூசை துணை

எஸ்டேட் ஆபீசு, கிளென்மார்கன் பக்கம்
1943 பிப்ரவரி 10, புதன்

வணக்கத்துக்குரிய மாமா மரியஅந்தோணி அவர்களுக்கு,

உங்கள் மகளைக் கட்டிக்கொள்ளவிருக்கும் டக்ளஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். கோயம்புத்தூரில் நீங்களும் அத்தையும் ஜெஸிந்தாவும், முக்கியமாக உங்கள் முகமும், நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன்.

முகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று ஊட்டிக் கடைவீதி ஹாஜா பாயிடம் உங்களுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினேன். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் சுற்றியது. மேட்டுப்பாளையத்தில் தம் மகள் வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு, நாளை வியாழக்கிழமை அவர் உங்களிடம் சேர்ப்பார். உள்ளே சவர சோப்பு. என் கையால் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியார் முன்னால் நானும் ஜெஸிந்தாவும் கலியாணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது நீங்கள் மழமழவென்று நிற்க வேண்டும் என்ற ஆசை.

அதைத் தொடாதீர்கள்.

பிரிக்காதீர்கள். முகராதீர்கள். கிடுக்கியால் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய், முழங்கால் ஆழம் தோண்டிப் புதைத்து, மேலே நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன்.

சண்டை தொடங்கியதிலிருந்து எங்கள் எஸ்டேட் துரைக்குச் சீமையிலிருந்து சவர சோப்பு வருவதில்லை. கடைசியாக ஒரே ஒரு வில்லை மிஞ்சியது. போன வாரம் என்னைக் கூப்பிட்டார். "கிளார்க், நீ பட்டணத்திலே கெமிஸ்ட்ரி படிச்சதுதானே?" நான் படித்தது தத்துவம். ரசாயனம் முதல் வருடம் மட்டும். சோப்புப் பாடம் நடந்த வாரம் எனக்கு அம்மை. "ஆமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். லீவு வேண்டும். அவ்வளவுதான். இந்த ஞாயிறு பெயர் கொடுத்தால்தான் மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்து, தவசுகாலம் பிறக்குமுன் கலியாணம். தவறினால் தவசின் நாற்பது நாளும் பாஸ்காப் பண்டிகையும் கழிந்துதான். துரை விரலை நீட்டினார். "நீ சோப் குடு. நான் லீவு குடுக்கறான்."

தம்முடைய கடைசி வில்லையையும் மாதிரிக்குக் கொடுத்தார். "பாரு. மோந்து பாரு. நனைக்காதே."

தேயிலை பாக்டரி அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் துணியில் வடிகட்டினேன். தேங்காய் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சினேன். மணத்துக்கு யூகலிப்டஸ் தைலம், தாராளமாக. மூன்று நாள் கிண்டினேன். ரசம் போலவே இருந்தது. மேலே எண்ணெய், கீழே பழுப்புத் தண்ணீர். நான்காம் நாள் மனம் வெறுத்து, துரையின் வில்லை அளவுக்கே இருந்த இரண்டு தகர மூடிகளில் ஊற்றி, வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் கெட்டி. வெள்ளை. தட்டினால் சத்தம்.

எனக்குக் கண்ணீர் வந்தது, மாமா. இதுவரை நான் இந்த உலகத்தில் எதையும் செய்ததில்லை, படித்திருக்கிறேன். அன்று செய்திருந்தேன். என் முகத்திலேயே ஏன் சோதிக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்குத் தாடி. தத்துவம் படித்ததில் மிஞ்சியது அதுதான். என் இரண்டு வில்லைகளையும் துரையின் வில்லையையும் ஒரே மாதிரி ஈயத்தாளில் சுற்றி, வரிசையாக வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எது சீமை, எது கிளென்மார்கன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று உங்களுக்கு. ஒன்று துரைக்கு. அவருடையது என் மேஜை டிராயரில்.

இன்று காலை பங்களா பட்லர் மயில்சாமி தலைப்பாகை அவிழ ஓடிவந்தார், வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது இதுதான், துரை கணப்படுப்பு எரிகிற குளியலறையில் வெந்நீரோடு உட்கார்ந்து என் வில்லையில் பிரஷ்ஷை வைத்துத் தேய்க்க, நுரை வரவில்லை, இன்னும் தேய்க்க, வில்லையே இல்லை, கிண்ணம் நிறைய எண்ணெய்தான் இருந்திருக்கிறது, சரி இந்த ஊர்ச் சோப்பு இப்படித்தான் போலிருக்கிறது என்று அதையே முகம் முழுக்கப் பூசியிருக்கிறார், சாம்பல் தண்ணீர் கன்னத்தில் எரிய, தைலம் இரண்டு கண்ணிலும் இறங்க, கண்ணை மூடிக்கொண்டே கத்தியை வைத்தாராம், கத்தி வழுக்கி, பட்டாளத்தில் இருபது வருடம் வளர்த்த மீசையில் இடது பக்கம் முழுவதும் கிண்ணத்தில் விழுந்துவிட்டதாம், அதற்குள் தேங்காய் வாசனைக்கு நாய் மடியில் ஏறி அவர் முகத்தை நக்கத் தொடங்கிவிட்டதாம்.

"எண்ணெயா?" என்றேன்.

"பின்ன என்னங்க? ஏனுங்க கிளார்க்கய்யா, தேங்காயெண்ணெ குளுருக்கு ஒறையுமுங்கறது இந்த மலையில தவழற கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்களே. நீங்க அத்தன வருசம் பட்டணத்துல என்னத்தைங்க படிச்சீங்க?"

தினமும் காலையில் எண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வைத்து உருக்கித் தலையில் தேய்க்கிறவன் நான். இன்று காலையும் உருக்கினேன். புட்டிக்குள் உறைந்தால் எண்ணெய், மூடியில் உறைந்தால் சோப்பு என்று எப்படி நம்பினேன்? என் மனசுக்குள் எந்த இடத்தில் இது நடந்தது? தெரியவில்லை. இந்தக் கேள்வி கொஞ்ச காலம் என்னோடு இருக்கும்.

துரை கூப்பிட்டனுப்பினார். இடது பக்கம் துண்டு. வலது பக்கம் மீசை. கண் இரண்டும் பழுத்த தக்காளி.

"கிளார்க். இது சோப் இல்லே. சமையல்!"

"எஸ் சார்."

"என் நாய்க்கு ரொம்பப் பிடிச்சுது."

"தேங்க்யூ சார்."

அந்தத் தேங்க்யூவைச் சொல்லியிருக்கக் கூடாது. துண்டு கீழே விழுந்தது. பார்த்தேன். மாமா, ஒரு மனிதனுடைய முகத்தின் இரண்டு பாதிகளும் வேறு வேறு ஆளாக இருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

புண் ஆறும்வரை கத்தி வைக்கக் கூடாது என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் விருந்து. மீதி மீசையை எடுக்காமல் போக முடியாது. ஆகவே துரையின் தீர்ப்பு: சனிக்கிழமை காலையில் அவருடைய சீமை வில்லை அவர் மேஜைமேல் இருந்தால் எனக்கு லீவு. இல்லாவிட்டால் லீவும் இல்லை, வேலையும் இல்லை.

அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அது என் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை முடித்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். என் கவலை முழுவதும் உங்கள் முகம்தான். நல்லவேளை, நீங்கள் சனிக்கிழமை மட்டும் சவரம் செய்கிறவர். இன்னொரு நல்லவேளை, சொன்னதைச் சொன்னவுடன் செய்கிறவர். பந்தலுக்கு இடம் வேண்டும், முருங்கையை வெட்டலாம் என்று நான் முதல் பக்கத்தில் எழுதி, பாவம், காய்க்கிற மரம், வேண்டாம் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியபோது, ஜெஸிந்தா பக்கத்தைத் திருப்புவதற்குள் நீங்கள் மரத்தைச் சாய்த்துவிட்டீர்கள். அந்த வேகம் இப்போது உங்கள் கன்னத்தைக் காப்பாற்றும்.

அத்தைக்கு என் வணக்கம். ஜெபமாலையில் எனக்காக ஒரு மணி கூடுதலாக உருட்டச் சொல்லுங்கள். உங்களுக்குக் கண் தெளிவில்லாததால் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறவளுக்கும் என் அன்பு, உங்கள் அனுமதியோடு. சனிக்கிழமை மாலை ரயிலில் வந்து உங்கள் காலைத் தொட்டு ஆசீர் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள வருங்கால மருமகன்,
டக்ளஸ்

பின்குறிப்பு: டிராயரைத் திறந்தேன். ஈயத்தாளைப் பிரித்தேன். தைல வாசனை. விரலை வைத்தேன். உருகுகிறது.

அப்படியானால் ஹாஜா பாயிடம் போனது.

திரும்ப எழுத நேரமில்லை. தபால்காரர் நஞ்சப்பன் வாசலில் நிற்கிறார். "ஏனுங்க, பஸ்ஸு போயிருமுங்க, அப்பறம் நாளைக்குத்தானுங்க." ஹாஜா பாய் வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்கு மலை ஏறுகிறார். அவரிடம் அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும்.

ஜெஸிந்தா, இந்த வரியை நீ தனியாகத்தான் வாசித்துக்கொண்டிருப்பாய். மாமா முதல் பக்கத்திலேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். குடங்களையும். உனக்கு என்று நான் எழுதும் முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்று நாலு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். அதெல்லாம் பிறகு.

இப்போது, அவர் தண்ணீர் ஊற்றுவதற்குள், கொல்லைக்கு ஓடு.