நெட்டையன் நாலு கோல் வாங்குவான்

என்மேல் கோபமாக இருக்கும் அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். உன் நலமும், அத்தானின் நலமும், குறிப்பாக உன் மகன் நெட்டையனின் இரண்டு கைகளின் நலமும் அறிய ஆவல்.

நேற்று நான் "அக்கா" என்று ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். நியாயம்தான். முதன்முறையாக நாட்டின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக நிற்கப் போகிற பிள்ளையைப் பற்றி, "நாலு கோல் வாங்குவான்: சொந்தத் தாய்மாமன் கணிப்பு" என்று பேப்பரில் வந்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? ஆனால் நடந்ததைக் கேள். எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டம் எது வந்தாலும், கண் பரிசோதிக்கிற பலகையின் பின்பக்கத்தில் என் கணிப்பை எழுத வைப்பார்கள். ஜெயிக்கும் என்று நான் சொன்ன அணி இதுவரை ஜெயித்ததே இல்லை. அதனால் படித்துவிட்டு அப்படியே தலைகீழாக எடுத்துக்கொள்வார்கள்.

போட்டித் தொடரில் நம் பிரிவின் கடைசி ஆட்டமான இதில் டிரா செய்தாலே நாம் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவோம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூத்த கோல்கீப்பருக்கு விரல் முறிந்து நம் பிள்ளை நிற்கிறான் என்று தெரிந்ததும், கடையே என்னைச் சூழ்ந்துகொண்டது. முதலாளி சாக்பீஸைக் கையில் திணித்து, "தப்பித் தவறிக்கூட ஜெயிப்பான்னு எழுதிடாதீங்க. உங்க வாய்க்குச் சர்க்கரை போடக்கூடாது, பூட்டுதான் போடணும்" என்றார்.

மருமகன் மேல் இருக்கிற பாசத்தில் ஒன்றுக்கு நாலாக எழுதினேன், அக்கா. பன்னிரண்டாம் நிமிடம் கார்னர், நெட்டையன் முன்னால் ஓடி வருவான், பந்து தலைக்கு மேலே போகும். முப்பதாம் நிமிடம் நம் ஆளே பின்னால் தட்டிவிடும் பந்தைக் கோட்டை விடுவான். பெனால்ட்டிக்கு இடது பக்கம் பாய்வான், பந்து வலது பக்கம் போகும். கடைசி நிமிடத்தில் காலுக்கு நடுவே ஒன்று. இவ்வளவு விவரமாக எழுதினால் இவ்வளவு விவரமாகத் தப்பும் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்ட வந்த பத்திரிகை நிருபருக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியும்? பாவி மனுஷன், தாய்மாமனாச்சே, உள்விஷயம் தெரிந்திருக்கும் என்று அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நெட்டையன் ஹோட்டல் அறையிலிருந்து கூப்பிட்டான். குரலில் உயிரே இல்லை. "மாமா, நான் இடது பக்கம் பாய்வேன்னு அவங்களும் படிச்சிருப்பாங்களா?"

"படிச்சிருந்தா என்ன மாப்பிள்ளை, நீ வலது பக்கம் பாய்ஞ்சிடு."

"வலது பக்கம்தான் பாய்வேன்னு அவங்க யோசிச்சுட்டா?"

இன்னும் எதையாவது சொல்லி வைக்கப் போகிறேனென்று போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் தூங்கவே இல்லையாம். அதனால் நீ அவனிடம் சொல்லு: மாமா சொன்னது எதுவும் பலித்ததில்லை, நாலு கோல் என்று சொன்னால் ஒரு கோல்கூடக் கிடையாது என்று அர்த்தம். நான் சொன்னால் பயப்படுகிறான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். என் வாயால் வேண்டாம், உன் வாயாலேயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். ஐயையோ அக்கா, இதுவரைக்கும் பலிக்காம போனது நான் எழுதினதா? இல்லையே, நான் மனசார நம்பினதுதானே! இந்தத் தடவை கைதான் நாலு கோல்னு எழுதிச்சு, மனசு பூரா நம்ம பிள்ளை ஒரு பந்தைக்கூட உள்ளே விடமாட்டான்னுதான் இருந்துது. காலையிலேருந்து கண்ணை மூடிக்கிட்டு, அவன் தோத்துடுவான், தோத்துடுவான்னு நம்பிப் பார்க்கிறேன். என்னால முடியலை அக்கா.