ஸ்டூகலுக்கு ஒரு விடைகொடுப்பு

"நன்றி ஸ்டூகல்! போய் வாருங்கள்!"

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தொங்கிய பேனரைப் பார்த்ததும் வெர்லின் ஸ்டூகலின் கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டியது.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு இருபத்தொன்பது வருடமாகப் பயிற்சியாளர் அவர். நான்கு முறை மாநிலக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். போன வெள்ளிக்கிழமைதான் அரையிறுதியில் தோற்றிருந்தார்.

நேராகத் தலைமையாசிரியர் ஹார்ட்விக்கின் அறைக்குப் போனார்.

"அந்த பேனர்..."

"ஐயோ, பாத்துட்டீங்களா? மூணு மணி வரைக்கும் ரகசியம். உங்க வீட்ல மூச்சு விட்றாதீங்க!"

"முடிவே பண்ணியாச்சா?"

"எப்பவோ! கேக்கே வந்தாச்சு, கோச்."

கேக் வெட்டியா வெளியே தள்ளுவார்கள்? ஸ்டூகல் விறுவிறுவென்று வெளியே வந்தார். வாசலில் உதவிப் பயிற்சியாளர் டூலியைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. அந்த இடத்துக்கு யாரு வர்றா?"

"லிங்கன்லேர்ந்து ஒரு சின்னப் பொண்ணாம். படு கெட்டிக்காரியாம்."

"பந்து எறிவாளா?"

டூலி விழித்தார். "அது எதுக்கு, கோச்?"

அதற்கு மேல் ஸ்டூகலால் பொறுக்க முடியவில்லை. அவர்களாகத் துரத்துவதற்குள் தானே போய்விடுவது மரியாதை. காரை எடுத்துக்கொண்டு ஊர் வானொலி நிலையத்துக்குப் பறந்தார். சோளம் விலை நிலவரத்தை நிறுத்திவிட்டு அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"இன்னியோட நான் விலகிக்கறேன். இனிமே எந்நேரமும் வீட்லதான், என் நேடீன் பக்கத்துலயேதான்!"

அறிவிப்பாளர் மூக்கைச் சிந்தினார். அரைமணி நேரத்தில் பள்ளி நிர்வாகக் குழு கூடி, கண்ணீரோடு ராஜினாமாவை ஏற்று, டூலியைப் பயிற்சியாளராக்கிவிட்டது.

மூன்று மணிக்கு ஸ்டூகல் தலை நிமிர்ந்து கூடத்துக்குள் நுழைந்தார். கேக்குக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி நேடீன் நின்றிருந்தாள். அதே பள்ளியில் கணக்கு டீச்சர்; அவளும் ஒரு ஸ்டூகல்தான். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு விடைகொடுக்க நீயும் வந்துட்டியா?" என்றார்.

"உனக்கா? இன்னிக்கு எனக்குக் கடைசி நாள், வெர்லின்! ரெண்டு மாசமா சொல்றேன், நீயும் மேட்ச் வீடியோவுலேர்ந்து கண்ணெடுக்காம 'ம்... ம்...'ங்கற!"

ஸ்டூகல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கேக் துண்டை நீட்டிய சமையல்காரி ஓப்பல் குனிந்து அவர் காதில் சொன்னாள்:

"'இனிமே அவரு மைதானத்துல கெடப்பாரு, நான் வீட்ல நிம்மதியா இருப்பேன், அதுக்குத்தான் ரெண்டு வருஷம் முன்னாடியே வேலைய விடறேன்'னு டீச்சர் எங்கிட்ட சொல்லிட்டிருந்தப்பதான் கோச், ரேடியோவுல உங்க குரல் வந்துச்சு."